பசுங்கணிகத்தில் ஏடிபி உருவாகும் விதம்: புரோட்டானைப் பின்தொடர்ந்து கற்பதற்கு ஒரு வழிகாட்டி

ஒளிச்சேர்க்கையின் ஒளிவினையைப் புதிதாகப் படிக்க உட்காருகிறவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் தடுக்கி விழுகிறார்கள். பாடநூலில் இசட் எழுத்தைப் போல வளைந்த ஒரு வரைபடம் இருக்கும். எலக்ட்ரான் ஏறும், இறங்கும், மறுபடி ஏறும். வழியெங்கும் பத்துப் பன்னிரண்டு பெயர்கள். அத்தனையும் மனப்பாடம் செய்து முடித்த பிறகும், "சரி, செல்லின் ஆற்றல் நாணயமான ஏடிபி எங்கிருந்து வந்தது?" என்று ஒருவர் கேட்டால் வாய் அடைத்துப் போகும். எலக்ட்ரான் இறங்கும் சரிவில் ஓரிடத்தில் "ஏடிபி" என்று எழுதி ஓர் அம்புக்குறி போட்டிருப்பார்கள். குழப்பத்தின் ஊற்றே அந்த அம்புக்குறிதான். எலக்ட்ரான் ஏடிபியைச் செய்வதில்லை. அது புரோட்டான்களை ஒரு சவ்வின் ஒரு பக்கத்தில் குவிக்கிறது. குவிந்த புரோட்டான்கள் திரும்பி வரும் வழியில் ஏடிபி பிறக்கிறது.

ஆகவே நான் சொல்லும் வழி வேறு. எலக்ட்ரானை ஓரக்கண்ணால் பார்த்தால் போதும். புரோட்டானை மட்டும் கண்கொட்டாமல் பின்தொடருங்கள். எந்தப் பக்கத்தில் ஒன்று குறைந்தது, எந்தப் பக்கத்தில் ஒன்று கூடியது என்று கணக்கு எழுதிக்கொண்டே வாருங்கள். ஒரு தாள், ஒரு பென்சில், இரண்டு நிறப் பேனா இருந்தால் வேலையைத் தொடங்கிவிடலாம்.

முதலில் பக்கங்களைப் பிரியுங்கள்

பசுங்கணிகத்தைச் சுற்றி இரண்டு உறைச் சவ்வுகள் உண்டு. இப்போதைக்கு அவற்றை மறந்துவிடுங்கள். நமக்கு வேண்டியது உள்ளே இருக்கும் மூன்றாவது சவ்வு, தைலகாய்டு. அது காற்று இறங்கிய தட்டையான பை போன்றது. பைக்கு உள்ளே இருக்கும் குறுகிய இடம் லூமன். பைக்கு வெளியே, பசுங்கணிகத்தின் பெரும்பகுதியை நிரப்பியிருக்கும் கூழ் ஸ்ட்ரோமா. கார்பன் டை ஆக்சைடைச் சர்க்கரையாக்கும் நொதிகள் எல்லாம் ஸ்ட்ரோமாவில்தான் இருக்கின்றன.

தாளின் நடுவே குறுக்காக இரண்டு இணைகோடுகள் போடுங்கள். அதுதான் சவ்வு. மேலே "ஸ்ட்ரோமா" என்றும் கீழே "லூமன்" என்றும் எழுதுங்கள். கடைசி வரை இதை மாற்றாதீர்கள். பலர் பாதி வழியில் பக்கத்தை மாற்றிவிட்டு, ஏடிபி லூமனுக்குள் உருவாகிறது என்று எழுதிவிடுகிறார்கள். லூமனில் உருவானால் அதைப் பயன்படுத்த அங்கே ஆள் இல்லை. மைட்டோகாண்ட்ரியாவைப் படித்துவிட்டு வருகிறவர்களுக்கு இந்தத் தவறு எளிதில் நேரும். அங்கே புரோட்டான் உட்பகுதியிலிருந்து வெளியே தள்ளப்படுகிறது. இங்கே பைக்குள்ளே தள்ளப்படுகிறது.

ஸ்ட்ரோமாவின் ஓரத்தில் "பிஎச் 8" என்றும், லூமனின் ஓரத்தில் "பிஎச் 5.5 முதல் 6 வரை" என்றும் குறித்துக்கொள்ளுங்கள். ஒளி விழும்போது ஏறக்குறைய இந்த நிலைதான் இருக்கும். பிஎச் ஓர் அலகு குறைந்தால் புரோட்டான் செறிவு 10 மடங்கு கூடும் என்பதை நினைவில் வைத்தால், இரண்டு அலகு வேறுபாடு என்பது 100 மடங்கு என்று புரியும்.

நான்கு இயந்திரங்களை நிறுத்துங்கள்

சவ்வின் மேல் இடமிருந்து வலமாக நான்கு பெட்டிகள் வரையுங்கள்: இரண்டாம் ஒளித்தொகுப்பு, சைட்டோகுரோம் பி6எஃப், முதலாம் ஒளித்தொகுப்பு, ஏடிபியைச் செய்யும் நொதியான ஏடிபி சின்தேஸ். இரண்டாவது முதலில் வருவது கண்டுபிடித்த வரிசையால் நேர்ந்த பெயர்க் குழப்பம். அதில் பொருள் தேட வேண்டாம். பெட்டிகளுக்கிடையே எலக்ட்ரானைச் சுமக்கும் இருவர் உண்டு. சவ்வின் எண்ணெய்ப் பசைக்குள்ளேயே நீந்துவது பிளாஸ்டோகுவினோன். லூமன் பக்கத்தில் ஓடுவது பிளாஸ்டோசயனின், செம்பு கொண்ட சிறு புரதம்.

உண்மையில் இவை இப்படிப் பக்கத்துப் பக்கத்தில் வரிசையாக இல்லை. தைலகாய்டுகள் அடுக்கடுக்காக நெருங்கியிருக்கும் பகுதியில் இரண்டாம் ஒளித்தொகுப்பு மிகுதி. ஏடிபி சின்தேஸின் தலை ஸ்ட்ரோமாவுக்குள் பெரிதாக நீட்டிக்கொண்டிருப்பதால் அந்த இடுக்கில் அது நுழையாது. முதலாம் ஒளித்தொகுப்புடன் சேர்ந்து அடுக்கின் ஓரங்களிலும் அடுக்கில்லாத சவ்விலும் இருக்கிறது. தாளில் அருகருகே வரைந்தாலும், புரோட்டான் உருவாகும் இடத்துக்கும் அது பயன்படும் இடத்துக்கும் தொலைவு உண்டு என்பதை மனத்தில் வையுங்கள். இரண்டையும் இணைப்பது கம்பியோ சங்கிலியோ அல்ல, லூமன் முழுவதற்கும் பொதுவான அந்தப் புரோட்டான் இருப்புதான்.

ஒளி செய்யும் ஒரே வேலை

பச்சைய மூலக்கூறுகள் நூற்றுக்கணக்கில் கூடி ஒளியைப் பிடித்து, அதன் ஆற்றலைக் கைமாற்றி, இரண்டாம் ஒளித்தொகுப்பின் நடுவிலிருக்கும் பி680 என்ற சிறப்புப் பச்சையத்திடம் சேர்க்கின்றன. அது ஓர் எலக்ட்ரானை இழக்கிறது. எல்லாம் சில நூறு பிக்கோ விநாடிக்குள் முடிந்துவிடும். ஒளியின் நேரடி வேலை இவ்வளவுதான்: ஓர் எலக்ட்ரானைப் பிரித்தெடுத்து, சவ்வின் ஸ்ட்ரோமா பக்கத்துக்குத் தள்ளுவது. முதலாம் ஒளித்தொகுப்பில் பி700 என்ற பச்சையம் இதையே இன்னொரு முறை செய்கிறது.

எலக்ட்ரானை இழந்த பி680க்கு எலக்ட்ரான் பசி கடுமையானது. உயிருலகில் நாம் அறிந்தவற்றில் இதைவிட வலிமையான ஆக்சிஜனேற்றி இல்லை. தண்ணீரிலிருந்தே எலக்ட்ரானைப் பிடுங்கும் அளவுக்கு அதன் இழுப்பு இருக்கிறது. நான்கு மாங்கனீசும் ஒரு கால்சியமும் சேர்ந்த ஒரு சிறு கொத்து இடையில் நின்று, ஒவ்வொரு எலக்ட்ரானாகக் கொடுத்துவிட்டு, நான்கு சேர்ந்ததும் இரண்டு தண்ணீர் மூலக்கூறுகளை உடைக்கிறது.

இந்த "நான்கு" எப்படித் தெரிந்தது என்பதை அருகில் போய்ப் பார்ப்பது நல்லது. 1969இல் பியர் ஜோலியோவும் குழுவினரும் இருட்டில் வைத்திருந்த பசுங்கணிகங்கள் மேல் மிகக் குறுகிய ஒளிவெட்டுகளை ஒன்றன்பின் ஒன்றாகச் செலுத்தி, ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு ஆக்சிஜன் வருகிறது என்று அளந்தார்கள். முதல் வெட்டுக்கு ஆக்சிஜன் இல்லை. இரண்டாவதுக்கும் ஏறக்குறைய இல்லை. மூன்றாவதில் உச்சம். பிறகு ஏழாவதில், பதினொன்றாவதில் என்று நான்குக்கு ஒரு முறை உச்சம் வந்தது. அந்தக் கொத்து நான்கு படி ஏறுகிறது, இருட்டில் ஏற்கெனவே ஒரு படி ஏறிய நிலையில் ஓய்ந்திருக்கிறது என்று 1970இல் பெஸ்ஸல் காக் விளக்கினார். முதல் உச்சம் மூன்றாவதில் வருவதன் காரணம் அதுதான்.

இப்போது கணக்கு எழுதுங்கள்

தாளின் ஓரத்தில் இரண்டு பத்திகள் போடுங்கள்: "லூமனில் வரவு", "ஸ்ட்ரோமாவில் செலவு". நான்கு எலக்ட்ரான்கள், அதாவது ஓர் ஆக்சிஜன் மூலக்கூறு வெளிவரும் அளவுக்குக் கணக்கிடுவோம்.

இரண்டு தண்ணீர் மூலக்கூறுகள் லூமன் பக்கத்தில் உடைகின்றன. நான்கு புரோட்டான்கள் அங்கேயே விழுகின்றன. லூமன் வரவு 4. இவை சவ்வைக் கடந்து வந்தவை அல்ல. பிறந்த இடமே லூமன்.

அடுத்தது பிளாஸ்டோகுவினோன். என் பார்வையில் இந்தக் கதையின் நாயகன் இதுதான். ஸ்ட்ரோமா பக்கத்தில் இரண்டு எலக்ட்ரான் வாங்கும்போது அதற்கு இரண்டு புரோட்டானும் வேண்டும். அவற்றை ஸ்ட்ரோமாவிலிருந்து எடுத்துக்கொள்கிறது. பிறகு மின்சுமை இல்லாத சிறு மூலக்கூறாகச் சவ்வுக்குள் நீந்திப்போய், பி6எஃப் இயந்திரத்தின் லூமன் பக்க வாசலில் எலக்ட்ரான்களைக் கொடுக்கிறது. எலக்ட்ரான் போனதும் புரோட்டானைப் பிடித்துவைக்க முடியாது; அவை லூமனில் உதிர்கின்றன. பம்பு என்று நாம் சொல்வதெல்லாம் இதுதான். ஒரு பக்கம் ஏற்றி, மறுபக்கம் இறக்குதல்.

பி6எஃப் இதோடு நிற்பதில்லை. வந்த இரண்டு எலக்ட்ரான்களில் ஒன்றை மட்டும் பிளாஸ்டோசயனினுக்கு அனுப்புகிறது. மற்றொன்றைச் சவ்வின் ஊடே திரும்ப ஸ்ட்ரோமா பக்கத்துக்குக் கொண்டுபோய், அங்கே காத்திருக்கும் இன்னொரு பிளாஸ்டோகுவினோனுக்குத் தருகிறது. இப்படி இரண்டு முறை நடந்தால் அந்தப் பிளாஸ்டோகுவினோனும் நிறைந்து, ஸ்ட்ரோமாவிலிருந்து இரண்டு புரோட்டானை வாங்கிக்கொண்டு மறுபடி வரிசையில் நிற்கும். கியூ சுழற்சி என்பது இதன் பெயர். புதியவர்கள் இங்கே திணறுவது இயல்பு. ஒரு முறை விரலால் படத்தின் மேல் ஓட்டிப் பார்த்தால் பிடிபட்டுவிடும். விளைவு இது: முன்னே செல்லும் ஒவ்வோர் எலக்ட்ரானுக்கும் ஒரு புரோட்டானுக்குப் பதில் இரண்டு புரோட்டான்கள் கடக்கின்றன. நான்கு எலக்ட்ரானுக்கு எட்டு. லூமன் வரவு 8, ஸ்ட்ரோமா செலவு 8.

முதலாம் ஒளித்தொகுப்பில் ஒளி மறுபடி தள்ளிவிட, எலக்ட்ரான்கள் ஃபெரிடாக்சின் என்ற சிறு புரதத்தின் வழியே போய், சர்க்கரை செய்ய எலக்ட்ரானைச் சுமக்கும் என்ஏடிபிஎச்சில் சேர்கின்றன. நான்கு எலக்ட்ரானுக்கு இரண்டு என்ஏடிபிஎச். ஒவ்வொன்றும் ஸ்ட்ரோமாவிலிருந்து ஒரு புரோட்டானை எடுக்கிறது. ஸ்ட்ரோமா செலவு இன்னும் 2.

கூட்டிப் பாருங்கள். லூமனில் 12 சேர்ந்திருக்கிறது. ஒவ்வோர் எலக்ட்ரானையும் இரண்டு முறை தள்ள வேண்டியிருப்பதால் இதற்கு எட்டு ஒளித்துகள்கள் செலவாகின்றன. இந்த 12 என்ற எண்ணைச் சுற்றிக் கட்டம் போட்டு வையுங்கள்.

லூமனுக்குள் ஒரு நிமிடம்

இந்தப் பாடத்துக்கு அணைக்கட்டை உவமை சொல்வது வழக்கம். தேங்கிய நீர், கீழே சக்கரம். நல்ல உவமைதான், ஆனால் ஓரிடத்தில் தவறான எண்ணத்தைத் தந்துவிடும். 400 நானோமீட்டர் விட்டமும் 5 நானோமீட்டர் உள்ளுயரமும் கொண்ட ஒரு தைலகாய்டு தட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் கொள்ளளவை பிஎச் 6க்குரிய செறிவோடு பெருக்கினால், உள்ளே தனித்துத் திரியும் புரோட்டான் சராசரியாக அரைகூடத் தேறாது. ஆம், ஒன்றுகூட இல்லை. உள்ளே வந்த புரோட்டான்களில் ஏறக்குறைய எல்லாமே புரதங்களின் பக்கக் குழுக்களில் ஒட்டிக்கொண்டு, நொடிக்கு எண்ணற்ற முறை கைமாறிக்கொண்டிருக்கின்றன. எனவே லூமனைப் புரோட்டான் நிரம்பிய குளமாக எண்ணாதீர்கள். புரோட்டான் அங்கிருந்து வெளியேற எவ்வளவு முனைப்பாக இருக்கிறது என்பதைத்தான் பிஎச் சொல்கிறது.

புரோட்டான் நுழையும்போது நேர்மின்சுமையும் நுழைகிறதே, அது எதிர்த்துத் தள்ளாதா? தள்ளும். ஆனால் குளோரைடு உள்ளே வந்தும், மக்னீசியம், பொட்டாசியம் வெளியே போயும் அந்த மின்னழுத்தத்தின் பெரும்பகுதியைத் தணித்துவிடுகின்றன. அதனால்தான் பசுங்கணிகத்தில் பிஎச் வேறுபாடே முக்கியப் பங்கு வகிக்கிறது. வெளியே வந்த மக்னீசியமும் உயர்ந்த பிஎச்சும் ஸ்ட்ரோமாவில் கார்பன் டை ஆக்சைடைப் பிடிக்கும் ரூபிஸ்கோ நொதியைத் தட்டி எழுப்பும் என்பது கூடுதல் ஆதாயம்.

இருட்டில் செய்த ஒரு சோதனை

இதெல்லாம் உண்மை என்று எப்படி நம்புவது? உயிர்வேதியியலாளர் பீட்டர் மிட்செல் 1961இல் இந்தக் கருத்தை முன்வைத்தபோது பலர் ஏற்கவில்லை. எலக்ட்ரான் ஓட்டத்துக்கும் ஏடிபிக்கும் நடுவே ஆற்றல் மிகுந்த ஏதோ ஒரு வேதிப்பொருள் இருக்க வேண்டும் என்று ஆய்வகங்கள் ஆண்டுக்கணக்கில் தேடிக்கொண்டிருந்தன. அது அகப்படவே இல்லை.

1966இல் ஆந்த்ரே ஜேகெண்டார்ஃபும் எர்னஸ்ட் யூரிபேயும் செய்த சோதனையை நீங்களே உங்கள் தாளில் செய்து பாருங்கள். தைலகாய்டுகளை இருட்டில், பிஎச் 4 உள்ள அமிலக் கரைசலில் சிறிது நேரம் ஊறவைத்தார்கள். அமிலம் மெல்ல லூமனுக்குள் புகுந்தது. உடனே அவற்றை பிஎச் 8 உள்ள கரைசலுக்கு மாற்றினார்கள். அதில் ஏடிபிக்கு முந்தைய பொருளான, இரண்டு பாஸ்பேட் மட்டும் கொண்ட அடினோசின் டைபாஸ்பேட்டும், தனிப் பாஸ்பேட்டும் இருந்தன. சில விநாடிகளில் ஏடிபி உருவானது. ஒளி இல்லை. எலக்ட்ரான் ஓட்டம் இல்லை. பிஎச் வேறுபாடு மட்டுமே இருந்தது, அதுவே போதுமானதாக இருந்தது. உயிர்வேதியியலில் இவ்வளவு எளிமையாகவும் இவ்வளவு தீர்க்கமாகவும் அமைந்த சோதனைகள் மிகக் குறைவு என்பேன். மிட்செலுக்கு 1978இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது.

சக்கரம் சுழலும் விதம்

நான்காவது பெட்டிக்கு வாருங்கள். ஏடிபி சின்தேஸுக்கு மூன்று பகுதிகள் வரையுங்கள்: சவ்வுக்குள் பதிந்த சக்கரம், அதிலிருந்து மேலே எழும் வளைந்த தண்டு, ஸ்ட்ரோமாவில் நீட்டியிருக்கும் தலை. தண்டின் பெயர் காமா. தலை அசையாது, சக்கரமும் தண்டும் சுழலும்.

பசலைக்கீரையின் பசுங்கணிகத்தில் அந்தச் சக்கரத்துக்கு 14 துண்டுகள் உண்டு. ஒவ்வொரு துண்டிலும், சவ்வின் நடு ஆழத்தில், கிளுட்டமேட் என்ற ஓர் அமினோ அமிலம் இருக்கிறது. சக்கரத்தின் ஓரத்தை ஒட்டி நிற்கும் புரதத்தில் இரண்டு அரைவழிகள்: ஒன்று லூமனிலிருந்து நடுப்பகுதி வரை, மற்றொன்று நடுப்பகுதியிலிருந்து ஸ்ட்ரோமா வரை. இரண்டும் நேருக்கு நேர் சந்திப்பதில்லை. அதனால் புரோட்டான் நேரே கடந்துபோக முடியாது. லூமன் பக்க வழியில் ஏறி, எதிர்மின்சுமையோடு காத்திருக்கும் கிளுட்டமேட்டில் அமர்கிறது. மின்சுமை தணிந்த அந்தத் துண்டு இப்போது எண்ணெய்ப் பசைக்குள் நகரலாம். சக்கரம் ஒரு துண்டு அளவு திரும்புகிறது. அமர்ந்த புரோட்டான் ஏறக்குறைய ஒரு முழுச் சுற்று வந்த பிறகே மறு வழியில் இறங்கி ஸ்ட்ரோமாவைச் சேர்கிறது.

தலையில் ஏடிபி உருவாகும் இடங்கள் மூன்று. தண்டு ஒரு சுற்று வருவதற்குள் மூன்று இடங்களையும் ஒவ்வொரு முறை நெம்பிவிடுகிறது; ஒரு சுற்றுக்கு மூன்று ஏடிபி. பால் பாயர் இதில் கண்டு சொன்ன நுட்பம் எனக்கு இன்றும் வியப்பளிப்பது: நொதியின் இறுகிய பிடிக்குள் ஏடிபி உருவாவதற்குப் பெரிய ஆற்றல் வேண்டாம், உருவான ஏடிபியைப் பிடியிலிருந்து விடுவிக்கத்தான் வேண்டும். தண்டின் சுழற்சி செய்வது அந்த விடுவிப்பை. ஜான் வாக்கர் தலைப்பகுதியின் அமைப்பை வெளிக்கொணர்ந்தார். 1997இல் இருவரும் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள். அதே ஆண்டில் ஜப்பானிய ஆய்வாளர்கள் ஒரு பாக்டீரியாவின் தலைப்பகுதியைக் கண்ணாடியில் ஒட்டி, தண்டின் முனையில் ஒளிரும் நுண்ணிழை ஒன்றைக் கட்டி, அது சுற்றுவதை நுண்ணோக்கியில் கண்ணாரப் பார்த்தார்கள்.

ஒரு சிறு கணக்கு. 25 டிகிரி செல்சியஸில் ஓர் அலகு பிஎச் வேறுபாட்டின் மதிப்பு, ஒரு மோல் புரோட்டானுக்குச் சுமார் 5.7 கிலோஜூல். இரண்டு அலகு என்றால் 11.4. ஸ்ட்ரோமாவின் சூழலில் ஒரு மோல் ஏடிபிக்கு ஏறத்தாழ 50 கிலோஜூல் வேண்டும். ஒரு புரோட்டானால் ஆகாது. 14 புரோட்டானுக்கு 3 ஏடிபி என்றால் ஓர் ஏடிபிக்கு 4.67 புரோட்டான், 11.4ஐ 4.67ஆல் பெருக்கினால் 53. சரியாகப் பொருந்துகிறது.

கணக்கில் விழும் துண்டு

கட்டம் போட்ட 12ஐ எடுங்கள். 4.67ஆல் வகுத்தால் 2.57 ஏடிபி. ஆனால் ஒரு கார்பன் டை ஆக்சைடு மூலக்கூறைச் சர்க்கரைப் பாதையில் சேர்க்க, 2 என்ஏடிபிஎச்சோடு 3 ஏடிபி வேண்டும். பற்றாக்குறை. சுழற்சி எலக்ட்ரான் ஓட்டம் எதற்கு என்று பாடநூல்கள் தெளிவாகச் சொல்லாமல் கடந்துவிடுகின்றன. விடை இந்தத் துண்டில் இருக்கிறது. முதலாம் ஒளித்தொகுப்பிலிருந்து ஃபெரிடாக்சினுக்குப் போன எலக்ட்ரான்களில் சில, என்ஏடிபிஎச் ஆகாமல் பிளாஸ்டோகுவினோனுக்கே திரும்புகின்றன. மறுபடி பி6எஃப் வழியே இறங்கும்போது புரோட்டான் கடக்கிறது. என்ஏடிபிஎச் கூடாமல் ஏடிபி மட்டும் கூடுகிறது.

மூன்று கேள்விகளால் சோதியுங்கள்

புரிந்ததா என்று அறிய, விடையைப் படிக்கும் முன் படத்தைப் பார்த்து யோசியுங்கள்.

டையூரான் என்ற களைக்கொல்லி, இரண்டாம் ஒளித்தொகுப்பில் பிளாஸ்டோகுவினோன் வந்து அமரும் இடத்தை அடைத்துவிடுகிறது. ஆக்சிஜன், ஏடிபி இரண்டும் என்னவாகும்? ஆக்சிஜன் நின்றுவிடும், தண்ணீரிலிருந்து தொடங்கும் ஓட்டத்தால் வரும் ஏடிபியும் நின்றுவிடும். எலக்ட்ரானுக்குப் போக்கிடம் இல்லை.

இரண்டாவது: பிரித்தெடுத்த தைலகாய்டுகளில் அம்மோனியம் குளோரைடு சேர்க்கிறோம். அம்மோனியா சவ்வை எளிதாகக் கடந்து உள்ளே போய்ப் புரோட்டானைப் பிடித்து அம்மோனியம் ஆகிவிடும். புரோட்டான் இருப்பு கரையும், ஏடிபி நின்றுவிடும். ஆக்சிஜன்? அது முன்னைவிட வேகமாக வரும். இதைச் சரியாகச் சொன்னவர், எலக்ட்ரான் ஓட்டத்துக்கும் ஏடிபிக்கும் இடையே புரோட்டான் வழியாக உள்ள இணைப்பைப் பிடித்துவிட்டார்.

மூன்றாவது கேள்வி அதன் மறுபக்கம். ஏடிபி செய்ய மூலப்பொருள் தீர்ந்துவிட்டால் ஆக்சிஜன் வருவது ஏன் மெதுவாகிறது? சக்கரம் நின்றதால் புரோட்டான் லூமனில் தேங்குகிறது, ஏற்கெனவே அமிலமான இடத்தில் பிளாஸ்டோகுவினோன் தன் புரோட்டானை உதிர்ப்பது கடினமாகிறது, பி6எஃப் மந்தமாகிறது, பின்னால் எல்லாம் தேங்குகிறது. மிகுதியான அமிலத்தன்மை இன்னொன்றையும் செய்கிறது: ஒளியைப் பிடிக்கும் பச்சையத் தொகுதிகள், கூடுதல் ஆற்றலை வெப்பமாக வெளியேற்றும் நிலைக்கு மாறுகின்றன. கடும் வெயிலில் இலை தன்னைக் காத்துக்கொள்வது இந்த வழியில்தான்.

விளக்கை அணைத்த பிறகு

கடைசியாக ஒன்று. இருட்டானதும் புரோட்டான் வேறுபாடு கரைந்துவிடும். அப்போது ஏடிபி சின்தேஸ் பின்னோக்கிச் சுழன்று, சேர்த்துவைத்த ஏடிபியை உடைத்துப் புரோட்டானைத் தள்ளத் தொடங்கலாம். அதைத் தடுக்கப் பசுங்கணிகத்தின் காமாத் தண்டில் ஒரு பூட்டு இருக்கிறது: இரண்டு கந்தக அணுக்கள் ஒன்றோடொன்று பிணையும் ஒரு பாலம். ஒளியில் ஃபெரிடாக்சினிடமிருந்து எலக்ட்ரான் பெறும் தயோரெடாக்சின் என்ற சிறு புரதம் அந்தப் பாலத்தைத் திறந்துவைக்கிறது. இருட்டில் அது மறுபடி பிணைந்து இயந்திரத்தை அடக்கிவிடுகிறது. உங்கள் படத்தில் தண்டின் மேல் ஒரு சிறு கோடாக அந்தப் பூட்டையும் போட்டு, முதலாம் ஒளித்தொகுப்பிலிருந்து அதற்கு ஓர் அம்புக்குறி வரையுங்கள்.